ஹனிமூனின் பூர்வீகம்

ஆரணியில் புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் முதலில் பெயரைக் கேட்கமாட்டார்கள். எந்த ஊர், யார் வீடு, அம்மா எந்தப் பக்கத்துப் பெண் என்று வரிசையாக விசாரித்து, எங்காவது ஒரு சொந்தத்தைப் பிடித்த பிறகுதான் உட்காரச் சொல்வார்கள். ராஜவேலு வாத்தியார் இதையே இங்கிலீஷ் வார்த்தைகளுக்குச் செய்துகொண்டிருந்தார்.

சைக்கிள் கடை மாடியில் அவர் ஒரு டுடோரியல் நடத்தினார். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டைவிட்டவர்கள் அங்கே படித்து மறுபடியும் கோட்டைவிட்டார்கள். பாடம் நடந்தால்தானே? முதல் வரியில் 'சாண்ட்விச்' என்று வந்துவிட்டால் போதும், புத்தகம் மூடிக்கொள்ளும். சீட்டாட்டத்தை விட்டு எழுந்திருக்க மனசில்லாத ஒரு வெள்ளைக்காரப் பிரபு, ரொட்டிக்கு நடுவே கறியை வைத்துத் தின்ற கதை ஆரம்பித்துவிடும். 'குட்பை' என்பது கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்ற பெரிய ஆசீர்வாதம், அவசரக்காரர்கள் வாயில் நசுங்கி அப்படி ஆகிவிட்டது என்பார். நம்மூர் மிளகுத்தண்ணி கப்பலேறிப் போய் 'முல்லிகடானி' என்று பெயர் மாற்றிக்கொண்டு ஓட்டல் மேசையில் சூப்பாக உட்கார்ந்திருப்பதைச் சொல்லும்போது, சொந்தத் தம்பி வெளிநாடு போய் ஆளே மாறிவிட்டதுபோல் வருத்தப்படுவார்.

இவரால் எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எழுபத்தொன்பதாம் வருடம் வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. என் சொந்த ஊர் சேத்துப்பட்டு, பெயர் தேவகி. என் வீட்டுக்காரர் மணவாளன் பட்டு நெய்பவர். நல்ல மனுஷர், என்ன, வாயில் பேச்சு மட்டும் வராது. வந்தாலும் அவருடைய அப்பா எதிரில் நின்றால் திரும்ப உள்ளே போய்விடும்.

புகுந்த வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் என் கஷ்டம் புரியும். வீடு என்பது ஒரு கூடம், பின்னால் ஒரு சமையலறை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. கூடத்தை இரண்டு தறிகள் அடைத்துக்கொண்டிருந்தன. சின்ன அறை எங்களுக்கு. அதற்குக் கதவு கிடையாது, ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் மாமனார் அய்யாக்கண்ணு படுத்திருப்பார். நான் வளையலைக் கழற்றி வைத்தால்கூட அவர் இருமுவார். அவர் இருமினால் என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கல்யாணமான புதிதில் நான் என் புருஷனிடம் மனம்விட்டுப் பேசியதெல்லாம் கிணற்றடியில்தான், அதுவும் ராட்டினம் கிறீச்சிடும்போது.

என் சிநேகிதி ஆதிலட்சுமி கல்யாணமானதும் ஊட்டிக்குப் போய்வந்தவள். ஹனிமூன் என்று அவள் சொல்லும்போதே முகம் சிவக்கும். எனக்கு ஊட்டிகூட வேண்டாம், அந்த இருமல் கேட்காத இடம் எதுவானாலும் சரி. ஆனி முடிந்தால் ஆடி. ஆடி பிறந்தால் என் அண்ணன் வந்து என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவான். அதற்குள் ஒரு நாலு நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. செலவை என் அப்பா பார்த்துக்கொள்வதாகவே சொல்லிவிட்டார். மாமனாரிடம் கேட்கவேண்டியது மட்டும்தான் பாக்கி.

என் வீட்டுக்காரர் ஒருவழியாக எச்சில் விழுங்கிக் கேட்டார். "நைனா, ஹனிமூன்னு ஒண்ணு..."

"இன்னா மூனு? எந்த ஊர்ப் பழக்கம்டா அது?"

பூர்வீகம் தெரியாமல் எதையும் வீட்டுக்குள் விடமாட்டார் என் மாமனார். நேராக டீக்கடைக்குப் போனார். அங்கே ராஜவேலு வாத்தியார் இருந்தார். போன மனுஷர் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"கேட்டுகினு வந்துட்டேன். வெளியூர் போறதெல்லாம் நடுவுல வந்த பழக்கம். பழைய காலத்துல கல்யாணமானா பொண்ணும் மாப்ளயும் வூட்டுலயே குந்திகினு ஒரு மாசம் தேன் சாப்புடுவாங்களாம். ஹனின்னா தேனு, மூன்னா நிலா, ஒரு நிலான்னா ஒரு மாசம். வாத்தியாரு புட்டுப் புட்டு வெச்சிட்டாரு."

தேனில் செய்த ஒரு பானம் என்றுதான் வாத்தியார் சொன்னாராம். அது ஏதோ கள்ளுமாதிரி இருக்கிறதே என்று மாமனார் அந்தப் பகுதியைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

ஜவ்வாது மலையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கும் கன்னியம்மா மறுநாளே வாசலில் நின்றாள். அன்று முதல் விடிந்ததும் என் மாமியார் காசியம்மாள் இரண்டு கிண்ணங்களில் தேன் ஊற்றி எங்கள் கையில் கொடுப்பார். மாமனார் தறியில் உட்கார்ந்தபடியே, "சாப்ட்டாங்களா?" என்று கேட்பார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. "தேவகிக்கு ஹனிமூன் நடந்துகினு இருக்குது" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அடுத்த தெருவில் கல்யாணமான ஒரு பெண்ணுக்கு, தேன் கிடைக்காமல் வெல்லப்பாகு கொடுத்ததாகவும் கேள்விப்பட்டேன். அவளுக்கு என்ன மூன் என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்குச் சொத்தைப் பல். எனக்கோ தேன் நாக்கில் பட்டாலே குமட்டும். மாமியார் அந்தப் பக்கம் திரும்பியதும் இரண்டு கிண்ணத்தையும் மறுபடி பாட்டிலில் கவிழ்த்துவிடுவோம். ஆனால் ஓர் அதிசயம். நாங்கள் ஊற்ற ஊற்ற பாட்டில் குறைந்துகொண்டேதான் வந்தது.

ஆனி பாதி போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில், ஒரு மத்தியானம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டுடோரியல் படியேறினேன். வகுப்பு முடிந்து வாத்தியார் தனியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு வார்த்தைக்குக் கதை சொன்னீங்க, என் பொழப்பு பேஜாராப் போச்சு. மாமாகிட்ட வேற கதை சொல்லுங்க."

"அதெப்படிம்மா? நாம நெனச்சா வார்த்தைக்குப் பூர்வீகத்த மாத்த முடியுமா? கல்யாணத் தரகரா நானு?"

"அப்போ நீங்க சொன்னது சத்தியமான பூர்வீகம்தானே? உங்க அம்மாமேல ஆணையா சொல்லுங்க."

வாத்தியார் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். ஜன்னல் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"தேன் குடிக்கிற கதையும் சில பேர் சொல்றதுதாம்மா. நான் கட்டினது இல்ல. ஆனா படிச்சவங்க ஒத்துக்கறது வேற. கல்யாணமான புதுசுல ஆசை தேன் கணக்கா இருக்குமாம். அப்புறம் நிலா கணக்கா தேய ஆரம்பிச்சுடுமாம். அதான் அந்தப் பேரு. எவனோ கிண்டலுக்கு வெச்சது."

"இத ஏன் சார் மாமாகிட்ட சொல்லல?" என்றேன்.

"புள்ளைக்குக் கல்யாணம் பண்ணி நாலு நாள் ஆவல, அதுக்குள்ள உங்க மாமனார் வந்து கேக்கறாரு. தேயும்னு நான் எந்த வாயால சொல்றது? அதான் தேனோட நிறுத்திகினேன்" என்றார்.

அவர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷர், எங்கள் கல்யாணத்துக்கு ஓர் அபசகுனம் வந்துவிடக்கூடாதென்று பார்த்திருக்கிறார். ஆனால் படி இறங்கும்போது மனசு கனத்தது. தேனே இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதற்குள் தேய்வதா? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே நினைப்பு.

அதற்கு மறுநாள் விடியற்காலை. நான் கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தேன். கூடத்தில் தறிச் சத்தம் நின்றிருந்தது. பட்டுத் தறி இருக்கும் வீட்டில் இனிப்பென்றால் ஒரு சட்டம் உண்டு. எதுவானாலும் பின்கட்டில்தான் தின்னவேண்டும், தின்ற கையைத் தேய்த்துக் கழுவவேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் நூலில் எறும்பு ஏறிவிடும், பட்டு கறைபட்டுவிடும். தறி பக்கத்தில் ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்ததற்காக மாமியாரிடம் மாமனார் போட்ட சத்தத்தை நானே கேட்டிருக்கிறேன்.

அந்த மாமனார் இப்போது தறியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் நூலைப் பிடித்தபடி, வாயைத் திறந்துகொண்டிருந்தார். மாமியார் ஒரு கையைக் கீழே ஏந்திக்கொண்டு, கரண்டியால் அவர் வாயில் தேன் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஜல்தி ஊத்து. புள்ளைங்க வந்துடப் போவுதுங்க."

"ஆடாம இரு. மேல சிந்தினா என்னியதான் கத்துவ."

"இன்னும் கொஞ்சம்."

"நேத்தும் இப்படித்தான் கேட்ட."

மாமியார் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. அவர்கள் நெய்த கனமான புடவைகளுக்கு ஒருபக்கக் கரையை நெய்ய இன்னோர் ஆள் வேண்டும். மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தக் கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவதுதான் கல்யாணமான நாளிலிருந்து மாமியாரின் வேலை. பகல் முழுக்க தோளோடு தோள். ஆனால் "போடு", "எடு", "அறுந்துது" தவிர அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. குடத்தைச் சத்தமில்லாமல் இறக்கிவைத்துவிட்டு நான் மறுபடி கிணற்றடிக்கே போய்விட்டேன். பாட்டில் காலியான அதிசயமும் தீர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரைச் சாப்பிடக் கூப்பிடும்படி மாமனாரிடம் சொன்னேன். நான் போட்ட திட்டம் ஊட்டிக்குத்தான், பொய் சொல்லமாட்டேன். சாப்பாட்டுக்கு வடை, பாயசம் என்று ஜோராகச் செய்தேன். வாத்தியார் இலை முன்னால் உட்கார்ந்து, செரூட் என்னும் இங்கிலீஷ் சொல் நம் சுருட்டுதான் என்று ஆரம்பித்தார். நான் ரசத்தோடு அவர் எதிரில் போய் நின்றேன்.

"சார், தேனுக்கு மட்டும் கதை சொன்னீங்க. நிலாவுக்கு இன்னா கதை?"

"நிலான்னா மாசம்னு சொன்னேனேம்மா."

"அவ்ளோதானா? இல்ல, அன்னிக்கு மாடில எனக்குச் சொன்னீங்களே, அத நானே சொல்லிடட்டுமா?"

வாத்தியாருக்குப் புரையேறியது. மாமனார் அவர் தலையில் தட்டினார். தண்ணீர் குடித்துவிட்டு வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையில், வார்த்தைகளின் பூர்வீகத்தை மாற்றமாட்டேன் என்ற அவருடைய வைராக்கியம் ரசத்தில் கரைந்துகொண்டிருந்தது.

"ஆமாங்க அய்யாக்கண்ணு, ஒண்ணு விட்டுட்டேன். தேன் சாப்ட்டவங்க, பௌர்ணமிக்கு வெளியூர் போயி நிலா பாத்துட்டு வரணும். அப்பதான் ஹனியும் மூனும் சேர்ந்து முழுசாவும்."

"இத ஏன்யா அன்னிக்கே சொல்லல? அரைகுறையா செஞ்சா தோஷம் ஆவாது?"

"அன்னிக்கு டீ வந்துட்டுது. பேச்சு மாறிப்போச்சு."

மாமனார் கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்தார். "சரி, பௌர்ணமி கிட்டதான வருது. தேன் சாப்ட்டவங்க போய்ட்டு வரட்டும். டேய் மணவாளா, கெளம்புங்கடா" என்றார்.

ஜெயித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் முகம் மத்தாப்பாகப் பூத்தது. அப்போதுதான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்த மாமியாரைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், எங்களுக்காக. என்னிடம் மெதுவாகக் கேட்டார், "ஏன் தேவகி, நீங்க போற ஊர்ல கடல் இருக்குமா?"

"ஊட்டில மலைதான் அத்தை இருக்கும்."

"அப்டியா. மலைதான் நாம திருவண்ணாமலைல பாக்கறோமே. நான் கடல் பாத்ததில்ல, அதான் கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். இவர்மேல் நான் எத்தனை எரிச்சல் பட்டிருக்கிறேன், அந்தக் கிண்ணத்தை நீட்டும்போதெல்லாம்! நாடா தள்ளித் தள்ளியே காலம் போன மனுஷி. கூடவே, என் தலையில் இன்னொரு கணக்கும் ஓடியது. நான் ஒன்றும் தியாகி இல்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் போனால் இருமலும் கூடவே போகும்.

"மாமா, நாங்க எங்க தேன் சாப்ட்டோம்?" என்றேன். "இவருக்குப் பல்லு வலி, எனக்குக் கொமட்டல். அப்பப்ப பாட்டில்லயே ஊத்திட்டோம். அப்போ பாட்டில காலி பண்ணவங்க யாரோ, அவங்கதான போவணும்?"

மாமனார் இலையைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. மாமியார் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், ஏதோ அந்தக் கரண்டியே சாட்சி சொல்லிவிடும் என்பதுபோல.

"எறும்பு துன்னிருக்கும்" என்றார் மாமனார்.

"தறி இருக்கற வூட்டுல எறும்பா?" என்று கேட்டார் வாத்தியார். அன்றைக்கு அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

"யோவ், நீ சும்மா இரு. தறிய விட்டுட்டு நான் எங்க போறது? கரை பாதில நிக்குது."

"நாங்க ரெண்டு பேரும் நெய்யறோம் மாமா. அத்தை எடத்துல நான் குந்தறேன்."

"உனுக்கு இன்னா தெரியும்? அதெல்லாம் ஆவாது."

அப்போது மாமியார் கரண்டியை முன்னால் கொண்டுவந்தார். "நான் போறேன்" என்றார். உரக்கத்தான் சொன்னார். "கடல் பாக்கப் போறேன். நீ வர்றியா, இல்ல நான் தனியா பஸ் ஏறட்டுமா?"

மாமனார் அவரை நிமிர்ந்து பார்த்தார். பாயசம் வேண்டும் என்று கேட்டார். அதுதான் சம்மதம்.

பௌர்ணமிக்கு முதல்நாள் காலை, காஞ்சிபுரம் வழியாக மகாபலிபுரம் போகக் கிளம்பினார்கள். மாமியார் தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டார். மாமனார் வாசல்வரை போய், திரும்பி வந்து, தறியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். தெருமுனையில் அவர்கள் மறைந்ததும் நான் முதலில் செய்த காரியம், வளையல்களைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சத்தம் வரும்படி தட்டில் போட்டது. யாரும் இருமவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அவ்வளவு பேசத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சின்ன வயதில் தறிக்குழியில் ஒளிந்துகொண்டது, பெண் பார்க்க வந்தபோது நான் கோபமாக முறைத்ததால்தான் என்னைப் பிடித்துப்போனது, எல்லாம் சொன்னார். மத்தியானம் வரை தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தோம்.

ஆனால் நெசவாளர் தெருவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை, தறிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். எதிர்வீட்டு சின்னபொண்ணு வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"இன்னா தேவகி, காலைலேர்ந்து தறி சத்தமே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

தெருவெல்லாம் சிரித்தது. என் வீட்டுக்காரர் பாய்ந்துபோய்த் தறியில் உட்கார்ந்தார். நாடாவில் கை வைக்காமல், மிதியை மிதித்து வெறும் பலகையை மட்டும் டக் டக்கென்று இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில், மாமியாரின் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் பலகையை ஆட்ட, நான் பேச, அப்படியே அந்த நாட்கள் போயின. புடவை ஒரு விரற்கடைகூட வளரவில்லை.

இரண்டு நாளில் வருவதாகச் சொன்னவர்கள் இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார்கள். மாமியாரின் பட்டுப்புடவையில் முழங்கால் வரை உப்புப் பூத்திருந்தது. மடியில் கிளிஞ்சல். மாமனார் வெயிலில் கறுத்துப் போயிருந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராகத் தறிக்குப் போனார். விட்டுப்போன இடத்திலேயே கரை நின்றுகொண்டிருந்தது.

"வழியில சின்னபொண்ணு சொன்னா, நாள் பூரா தறி சத்தம் கேட்டுகினே இருந்துச்சாமே" என்றார். "புடவை எங்கம்மா?"

நான் தரையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கிணற்றடிக்கு நழுவிவிட்டார். திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன். மாமனார் தொண்டையைச் செருமினார், இருமல்தான் வரும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எறும்பு துன்னிருக்கும்" என்றார்.

மறுநாளே தச்சரைக் கூப்பிட்டு எங்கள் அறைக்குக் கதவு வைக்கச் சொன்னார்.

ஆடி பிறக்க ஒரு நாள் இருந்தபோது என் அண்ணன் வந்தான். மாமியார் எனக்குப் பை கட்டிக்கொண்டிருந்தார். மனசிலேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். வாத்தியார் மறைத்த அந்த உண்மையான பூர்வீகத்தை. "ஹனிமூன்னா, முதல்ல தேனா இருக்கறது அப்புறம் நிலா கணக்கா தேஞ்சிடும்னு அர்த்தமாம் அத்தை. நான் ஒரு மாசம் அங்க போயிட்டா இவரு..." என்று இழுத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூடத்திலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. "ஏ காசி! இங்க வந்து குந்து. அன்னிக்குப் பெரிய அலை வந்து உன் செருப்ப இட்டுகினு போச்சே, அது காலைலயா, சாயங்காலமா? மணவாளன் கேக்கறான்." அவர் மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமியார் என் பையில் ஒரு பிடி கிளிஞ்சலைப் போட்டு முடிச்சுப் போட்டார். முந்தானையால் என் கண்ணைத் துடைத்தார்.

"தேஞ்சா தேஞ்சுட்டுப் போவுது, அதுக்கா அழுவற?" என்றார். "எங்களுக்கு இப்பதான்டி அமாவாசையே முடிஞ்சிருக்குது."

பிறகு, "சாயங்காலம்!" என்று கூடத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே எழுந்து போனார்.